யாரும் விற்காத யோசனை

2008ஆம் ஆண்டு கோவை வட்டாரத்தில் பப்பாளி மரங்களின் மேல் வெண்பஞ்சு அப்பியது போல ஒரு பூச்சி தென்பட்டது. மெக்சிகோ பக்கத்திலிருந்து உலகம் சுற்றி வந்த பப்பாளி மாவுப்பூச்சி அது. பப்பாளியோடு நிற்கவில்லை. மல்பெரியில் ஏறியது, பட்டுப்புழுவுக்கு இலை இல்லாமல் போனது. மரவள்ளி, பருத்தி, வேலியோரச் செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. விவசாயிகள் மருந்துக்கு மேல் மருந்து அடித்தார்கள். உடம்பெல்லாம் மெழுகு பூசிக்கொண்ட பூச்சிக்கு அது பெரிதாக உறைக்கவில்லை. அதைத் தின்ன வந்த நல்ல பூச்சிகள்தான் செத்தன.

2010இல் பெங்களூரில் உள்ள மத்திய அரசின் பூச்சி ஆராய்ச்சி நிறுவனம் புவேர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. அவற்றில் அசிரோபேகஸ் பப்பாயே என்பது கடுகைவிடச் சிறியது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு, அதை உள்ளிருந்தே தின்று தீர்ப்பது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தன் ஆராய்ச்சி நிலையங்களிலும் வேளாண் அறிவியல் நிலையங்களிலும் அதைப் பெருக்கிக் கொடுத்தது. ஓராண்டு போல ஆனதும் மாவுப்பூச்சி அடங்கிவிட்டது. இன்று பப்பாளித் தோட்டம் வைத்திருக்கும் பலருக்கு அப்படியொரு கண்டம் வந்து போனதே நினைவில்லை.

பத்தாண்டு கழித்து அதே கதை மரவள்ளிக்கு வந்தது. 2020இல் கேரளத்தில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, சேலம், நாமக்கல் குச்சிக்கிழங்குக் காடுகளுக்குள் புகுந்து குருத்தைச் சுருட்டியது. ஜவ்வரிசி ஆலைகளை நம்பிக் கிழங்கு போடும் வட்டாரம் கலங்கிப்போனது. இம்முறை குளவி வந்தது மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து. அனகைரஸ் லோபெசி என்று பெயர். ஆப்பிரிக்கக் கண்டத்தின் மரவள்ளியை 1980களில் காப்பாற்றியதும் அதுதான். அந்தப் பணியை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரன் 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார். 2022 மார்ச் மாதம் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் அந்தக் குளவி வயலில் விடப்பட்டது.

பொதுப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு குளவிகளும் போதுமான பதில். ஆனால் நாம் இங்கே சொல்ல வந்தது அந்தப் பெருமையை அல்ல. குளவி வேலை செய்ய வேண்டுமானால் காட்டுக்காரர் ஒன்று செய்ய வேண்டும்: மருந்தடிப்பதை நிறுத்த வேண்டும். நாலாபுறமும் பூச்சிக்கொல்லி தெளித்துக்கொண்டிருக்கும் காட்டில் குளவியை விடுவது அதைக் கொல்வதற்குச் சமம். ஆக, ஆய்வுக்கூடத்தில் பாதி வேலைதான் முடிகிறது. மறுபாதி, 'அடிக்காதீர்கள், பொறுங்கள்' என்ற சொல்லை ஒவ்வொரு காட்டு வரப்பிலும் போய்ச் சொல்வது. பயந்துபோன ஒருவர், கண்ணெதிரே பயிர் வெளுக்கும்போது, சும்மா இருக்கச் சம்மதிக்கும் அளவுக்கு நம்பும்படி சொல்வது.

அதைச் சொல்ல இன்று யார் இருக்கிறார்கள்?

பொள்ளாச்சித் தென்னையைப் பாருங்கள். 2016இல் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ அங்கே முதலில் கண்டறியப்பட்டது. மட்டையின் அடியில் வெள்ளைச் சுருள்கள், கீழ் மட்டைகளில் கரி பூசியது போலக் கரும்பூசணம். ஆராய்ச்சியாளர்கள் சொன்ன யோசனை எளிமையானது: பூச்சிக்கொல்லி வேண்டாம், மஞ்சள் ஒட்டும் பொறி கட்டுங்கள், விசையாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள், கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா மாவைப் பசையாகக் காய்ச்சித் தெளித்தால் காய்ந்து உரிந்து விழும், என்கார்சியா என்ற ஒட்டுண்ணி இருக்கும் மட்டைத் துண்டுகளை இல்லாத தோப்புக்குக் கொண்டுபோய்க் கட்டுங்கள். மைதா மளிகைக் கடையில் கிடைக்கும். என்கார்சியா பக்கத்துத் தோப்பில் கிடைக்கும். இதில் எவருக்கும் லாபம் இல்லை, தோப்புக்காரரைத் தவிர. ஆகவே இதைச் சொல்ல எவரும் சைக்கிள் மிதித்து வரவில்லை. அதே நேரம், வேரில் கட்டும் மருந்தும் மட்டையில் அடிக்கும் மருந்தும் விற்பவர்கள் தோப்புத் தோப்பாக வந்தார்கள்.

விற்கும் பொருளோடு வரும் யோசனைக்குக் கால் உண்டு. வண்டி உண்டு, கமிஷன் உண்டு, சுவரொட்டி உண்டு, சீசன் முடிவில் வியாபாரிக்கு வெளிநாட்டுச் சுற்றுலாகூட உண்டு. விற்க எதுவும் இல்லாத யோசனை ஆராய்ச்சி நிலையத்து வாசலிலேயே நின்றுவிடுகிறது. அதைத் தூக்கிக்கொண்டு நடக்கும் கடமை அரசுடையது; வேறு எவருக்கும் அதில் ஆதாயம் இல்லை என்பதே அதற்குக் காரணம். அந்தக் கடமையை அரசு பல ஆண்டுகளாகக் கைகழுவி வருகிறது. நமது தீர்ப்பு இதுதான்: இது நிர்வாகக் குறைபாடு அல்ல, அநீதி.

2003இல் தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் நாடு முழுவதும் விவசாயக் குடும்பங்களைக் கேட்டது: பயிர்த்தொழில் பற்றி எவரிடமாவது தகவல் பெற்றீர்களா? ஆம் என்றவர்கள் சுமார் 40 சதவீதம். அரசு விரிவாக்கப் பணியாளரிடம் கேட்டோம் என்றவர்கள் 6 சதவீதத்துக்கும் குறைவு. உரம், மருந்து விற்கும் கடைக்காரரிடம் கேட்டோம் என்றவர்கள் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பத்தாண்டு கழித்து நடந்த ஆய்விலும் எந்த மூலத்திலிருந்தும் தொழில்நுட்ப யோசனை பெறாதவர்கள் ஏறத்தாழ 60 சதவீதம். இந்தப் பத்தாண்டில்தான் நாடு கைப்பேசிக்கு மாறியது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

ஆக, மருந்துக்கடைதான் இன்று நம் கிராமங்களின் வேளாண் கல்லூரி. காலையில் ஒருவர் பையில் நாலு இலையைப் பறித்துப் போட்டுக்கொண்டு வருகிறார். 'அண்ணே, மிளகாயில குருத்து சுருட்டுது' என்கிறார். கடைக்காரர் இலையைத் திருப்பிப் பார்க்கிறார். 'இது டேங்குக்கு ஒரு மூடி. கூடவே இந்த டானிக் அரை மூடி விடுங்க, பச்சை பிடிச்சுக்கும்.' இலைப்பேனா, சிலந்தியா, வைரஸ் நோயா என்பது பேச்சிலேயே வரவில்லை. மூன்றுக்கும் வழி வேறு. வைரஸாக இருந்தால் அதைக் குணமாக்க மருந்தே கிடையாது, செடியைப் பிடுங்க வேண்டியதுதான். 'பிடுங்கிப் போடுங்கள்' என்று சொன்னால் கல்லாவில் என்ன விழும்?

இதைப் படித்துவிட்டுக் கடைக்காரரைத் திட்டக் கிளம்புவது எளிது. நாம் அதற்கு உடன்பட மாட்டோம். அந்த மனிதர் இரவு ஒன்பது மணி வரை கடையைத் திறந்து வைத்திருக்கிறார். அறுவடை வரை கடன் தருகிறார். ஞாயிற்றுக்கிழமையும் போனை எடுக்கிறார். எல்லாவற்றுக்கும் மேல், இலையைக் கையில் வாங்கிப் பார்ப்பவர் ஊரில் அவர் ஒருவர்தான். அவர் படிக்கவில்லை என்ற குறை முன்பு இருந்தது. 2003 முதல் கடைக்காரர்களுக்கென்றே ஓராண்டுப் பட்டயப் படிப்பு நடக்கிறது. படித்தவர்கள் முன்னைவிடப் பொறுப்பாக நடக்கவும் செய்கிறார்கள். ஆனால் படிப்பு ஒருவரின் அறிவைத்தான் மாற்றும், வரும்படியின் வழியை மாற்றாது. விற்றால்தான் சோறு என்ற இடத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் 'விற்காதே' என்ற யோசனையை எதிர்பார்ப்பது அவருக்கும் நியாயமல்ல. நாற்காலியைக் காலியாக விட்டவர்மேல்தான் குற்றம். அதில் உட்கார்ந்தவர்மேல் அல்ல.

அந்தக் காலி நாற்காலியின் விலை பணமாக மட்டும் கொடுக்கப்படவில்லை. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாள் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்த 20க்கும் மேற்பட்டோர் நஞ்சேறி இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் கிடந்தார்கள். அதே ஆண்டு நம் பெரம்பலூர் பருத்திக் காடுகளிலும் மருந்தடித்தவர்கள் இறந்தார்கள். இரண்டு மூன்று மருந்துகளை ஒரே டேங்கில் கலந்தது, தலைக்கு மேல் வளர்ந்த செடிக்குள் நின்று அடித்தது, காற்றின் எதிர்ப்பக்கம் நடந்தது, முகத்தில் ஒரு துணிகூட இல்லாதது என்று காரணங்கள் வரிசையாகப் பேசப்பட்டன. இவற்றில் எதுவும் உயர் ஆராய்ச்சி தேவைப்படும் விஷயம் அல்ல. டப்பாவோடு வரும் சீட்டில் அச்சாகியே இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் எழுத்தில், பல மொழிகளில், மடித்து மடித்து. சட்டம் சீட்டோடு திருப்தி அடைந்துவிடுகிறது. தெளிப்பவர் பெரும்பாலும் கூலிக்கு வந்தவர். அந்தச் சீட்டு அவர் கைக்கு வருவதே இல்லை.

இப்போது அரசு அலுவலர் பக்கம் வருவோம். உதவி வேளாண்மை அலுவலர் சோம்பேறி என்று டீக்கடையில் பேசிக்கொள்வது வழக்கம். அவர் ஒரு நாளில் என்ன செய்கிறார் என்று எவரும் கேட்பதில்லை. ஒருவர் பொறுப்பில் பல கிராமங்கள். மானிய விதை வந்தால் பயனாளி பட்டியல். பயிர்க் காப்பீட்டுக்குக் கணக்கெடுப்பு. உதவித்தொகைக்கு ஆதார் சரிபார்ப்பு. மழையடித்தால் சேத அறிக்கை. அமைச்சர் வந்தால் பந்தலுக்கு ஆள் சேர்ப்பு. இதற்கிடையே எல்லாவற்றையும் படம் பிடித்துச் செயலியில் ஏற்றுவது. வயலில் இறங்கிப் பயிரைப் பார்ப்பது என்பது எந்தப் படிவத்திலும் ஒரு கட்டமாக இல்லை. கட்டம் இல்லாத வேலையை எவர் செய்வார்?

இது எப்போதும் இப்படி இருந்ததல்ல. 1950களில் சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு கிராம சேவக் என்ற ஊர்ப் பணியாளர் வந்தார். பசுந்தாள் உரமும் புதுரக நெல்லும் வீட்டு வாசல்வரை வந்தது அவர் வழியாகத்தான் என்று பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். 1970களிலிருந்து உலக வங்கிக் கடனில் பயிற்சி, பார்வைத் திட்டம் நடந்தது: பதினைந்து நாளுக்கு ஒருமுறை அலுவலருக்குப் பயிற்சி, குறித்த நாளில் குறித்த ஊருக்கு அவர் வந்தே ஆக வேண்டும். ஒரே மாதிரி யோசனையை எல்லா ஊருக்கும் ஓதியது அதன் குறை. ஆனாலும் இன்ன கிழமை வருவார் என்ற நிச்சயம் இருந்தது. கடன் நின்றது, அதோடு அந்த நிச்சயமும் போனது. 1974இல் நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் புதுச்சேரியில் தொடங்கியது, அதுவும் நம் கோவைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில். இன்று நாடெங்கும் 700க்கு மேல் இருக்கின்றன. நல்ல அமைப்பு. ஆனால் பெரும்பாலும் மாவட்டத்துக்கு ஒன்று. அதில் தலைவர் ஒருவர், துறை வல்லுநர்கள் ஆறு பேர். அதுவும் எல்லா இடமும் நிரம்பியிருந்தால். ஒரு மாவட்டத்தின் எல்லாப் பயிருக்கும் எல்லா மாட்டுக்கும் ஏழு பேர் என்று ஒதுக்கிவிட்டு, விவசாயியைத் தேடிப் போகிறோம் என்று பேசுவதற்குத் துணிச்சல் வேண்டும்.

மாடு என்று வந்ததும் நிலைமை இன்னும் மோசம். 2003 ஆய்வில் கால்நடை வளர்ப்பு பற்றி எங்கிருந்தாவது தகவல் பெற்றோம் என்ற குடும்பங்கள் வெறும் 5 சதவீதம் அளவில்தான். கால்நடை மருந்தகம் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. சினை ஊசி போடுவார்கள், காய்ச்சலுக்கு மருந்து தருவார்கள், கோமாரிக்குத் தடுப்பூசி முகாம் நடத்துவார்கள். நோய் வந்த பிறகு வைத்தியம் செய்யும் ஆள் இருக்கிறார். நோய் வராமலிருக்க வழி சொல்லும் ஆள் இல்லை.

சீம்பாலை எடுத்துக்கொள்வோம். நஞ்சுக்கொடி விழும்வரை பால் பீச்சக் கூடாது, கன்றை ஊட்டவிடக் கூடாது என்ற வழக்கம் பல ஊர்களில் இன்றும் உண்டு. பிறக்கும் கன்றுக்கு எதிர்ப்புச் சக்தி சொந்தமாகக் கிடையாது. தாயின் சீம்பாலில்தான் அது இருக்கிறது. அதை உறிஞ்சிக்கொள்ளும் திறன் கன்றின் குடலுக்கு முதல் சில மணி நேரம்தான் முழுமையாக இருக்கும். ஒரு நாள் கழிந்தால் கதவு மூடியது போலத்தான். ஆகவே பிறந்த அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் ஊட்ட வேண்டும்; முதல் நாளில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போக வேண்டும். கன்று ஊட்டினால் கொடியும் சீக்கிரம் விழும், தாமதமாகாது. இந்த யோசனைக்குச் செலவு ஒரு காசில்லை. கழிச்சல் கண்டு சாகும் கன்றுகளில் எத்தனை இதனால் பிழைத்திருக்கும் என்று கணக்குப் போட எவரும் இல்லை, ஏனென்றால் சாகும் கன்றுக்குப் பதிவேடும் இல்லை.

மடி நோயும் அப்படித்தான். பால் கறந்த உடனே காம்பின் துளை திறந்தே இருக்கும். அந்த நேரத்தில் மாடு சாணத்தில் படுத்தால் கிருமி உள்ளே போகும். கறந்ததும் தீவனத்தைப் போட்டு அரை மணி நேரம் நிற்க வைத்தால் ஆபத்து குறையும். கறப்பவர் கை கழுவ வேண்டும், காம்பைத் துடைக்க வேண்டும், கறந்தபின் கிருமிநாசினியில் காம்பை முக்க வேண்டும். இதைச் சொல்ல எவரும் வராததால் மடி கல்லான பிறகு நுண்ணுயிர்க்கொல்லி ஊசிக்கு ஓடுகிறோம். அந்த மருந்தின் எச்சம் பாலோடு நம் பிள்ளைகளின் தம்ளருக்கு வருகிறது. தஞ்சாவூரில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மூலிகை ஆராய்ச்சி மையத்தில் பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி காட்டிய வழி ஒன்று உண்டு: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அரைத்து, நீர் கலந்து, மடியைக் கழுவிவிட்டு நாளுக்குப் பலமுறை பூசுவது. பொருள் எல்லாம் வீட்டிலும் வேலியிலும் இருக்கிறது. தேசியப் பால்வள வாரியம் இதை ஏற்று வேறு மாநிலங்களின் பால் சங்கங்களிலும் பரப்புகிறது. நம் ஊரில் பிறந்த வழியை நம் ஊர்ச் சங்கத்துக்குப் பால் ஊற்றும் எல்லோரும் அறிந்திருக்கிறார்களா என்று நம் வாசகர்கள் தங்கள் தெருவிலேயே கேட்டுப் பார்க்கலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மாட்டைக் கட்டுவது, சாணம் அள்ளுவது, தண்ணி காட்டுவது, பெரும்பாலும் கறப்பதும் பெண்கள். பயிற்சி முகாமோ பதினோரு மணிக்கு, வட்டாரத் தலைநகரில், பட்டா நகலோடு வருபவருக்கு. முன்வரிசையில் வெள்ளை வேட்டிகள். சீம்பாலைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகும் அந்த ஆண், அதை மனைவியிடம் சொல்வதற்குள் மறந்துவிடுகிறார். குத்தகைக்கு உழுபவருக்கும் இதே கதிதான். பட்டா இல்லாததால் பட்டியலில் பெயரில்லை, பட்டியலில் இல்லாததால் அழைப்பும் இல்லை. வயலில் நிற்பவரை விட்டுவிட்டு ஆவணத்தில் இருப்பவருக்கு யோசனை சொல்லும் ஏற்பாடு இது.

2015 பிப்ரவரியில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தை இவ்விடத்தில் சொல்லாமல் விட முடியாது. நோக்கத்தில் குறையில்லை. ஆனால் விதிமுறைப்படி மண் மாதிரி எடுத்தது ஒவ்வொரு வயலிலும் அல்ல. பாசன நிலத்தில் இரண்டரை எக்டேருக்கு ஒன்று, மானாவாரியில் பத்து எக்டேருக்கு ஒன்று. அதாவது மானாவாரியில் 25 ஏக்கருக்கு ஒரு கைப்பிடி மண். மூன்று ஏக்கர்க்காரர் கையில் இருக்கும் அட்டை, அவர் பங்காளி நிலத்து மண்ணைப் பற்றியதாக இருக்கலாம். தொழு உரம் போட்டு மண்ணைப் பேணியவருக்கும், யூரியாவை மட்டும் கொட்டியவருக்கும் ஒரே எண்கள். அந்த அட்டை டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது என்று விவசாயியைக் குறை சொல்வோர், எண்களை அவர் பயிருக்கு மூட்டைக் கணக்காக மாற்றிச் சொல்ல ஒருவரையும் அனுப்பவில்லை என்பதை மறைக்கிறார்கள்.

பரிந்துரைகளின் மொழியும் அப்படித்தான். எக்டேருக்கு இத்தனை மில்லி, ஐந்நூறு லிட்டர் நீரில் என்று ஏடு சொல்கிறது. நிலம் ஏக்கரிலும் சென்டிலும் இருக்கிறது. முதுகில் பதினாறு லிட்டர் டேங்க் இருக்கிறது. அளவு மூடியில் இருக்கிறது. எக்டேரிலிருந்து மூடிக்கு வரும் கணக்கைப் பல்கலைக்கழகம் போடவில்லை, கடைக்காரர் போட்டுக் கொடுத்தார். பிறகு எவர் சொல்லை விவசாயி கேட்பார் என்று ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

ஆராய்ச்சியாளர்களும் தப்ப முடியாது. அவர்களின் பதவி உயர்வு எத்தனை கட்டுரை, எந்த இதழில் என்ற மதிப்பெண்ணில் நிற்கிறது. எத்தனை ஏக்கரில் அவர் யோசனை மூன்றாண்டு நிலைத்தது என்று எவரும் கேட்பதில்லை. ஒற்றை நாற்று நடவு வந்த கதை நமக்குத் தெரியும். பதினான்கு நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, 25 சென்டிமீட்டர் சதுரம், கோனோவீடர் கொண்டு களை அமுக்குவது, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவது. செய்தவர்கள் தூர் வெடித்ததைப் பார்த்து அசந்தார்கள். கூட்டம் கூட்டமாகச் செயல்விளக்கம் நடந்தது. சில ஆண்டில் பலர் பழைய நடவுக்கே திரும்பினார்கள். ஏன்? அவ்வளவு இளம் நாற்றை நடக் கை பழகிய நடவாட்கள் இல்லை. சேற்றில் கோனோவீடரை இழுக்கப் பெண்களால் முடியவில்லை, ஆண்கள் வரவில்லை. முறைவைத்து வாய்க்காலில் வரும் தண்ணீரை நிறுத்தித் திறக்கும் அதிகாரம் கடைமடைக்காரருக்கு இல்லை. இந்தக் காரணங்கள் ஆராய்ச்சிக்கு உரியவையாகக் கருதப்பட்டிருந்தால் இலகுவான களைக்கருவியும், மாற்று நீர்க்கட்டும் சீக்கிரமே வந்திருக்கும். பதிலாக, 'ஏற்புநிலை குறைவு' என்று ஒரு சொல்லை எழுதி, பழியை ஏற்காதவர் தலையில் வைத்தார்கள். ஒரு யோசனை வயலில் தோற்றால் அது ஆராய்ச்சியின் தொடக்கம். அதை மூடி மறைப்பது விஞ்ஞானத்துக்கே துரோகம்.

எதற்கு இதெல்லாம், எல்லார் கையிலும் போன் இருக்கிறது என்பார்கள். 2004இலேயே கட்டணமில்லா உழவர் அழைப்பு மையம் வந்துவிட்டது. 2018இல் உழவன் செயலி. கோவைப் பல்கலைக்கழகத்தின் இணைய தளத்தில் தமிழில் மலைபோலத் தகவல் குவிந்திருக்கிறது. மறுக்கவில்லை. விலை நிலவரத்துக்கும் மழைக்கும் போன் போதும். ஆனால் மஞ்சளாகும் இலைக்கு இரும்புச் சத்துக் குறைவா, வேரழுகலா, தண்ணீர் தேங்கியதா என்று தீர்மானிக்கச் செடியைப் பிடுங்கி வேரைப் பார்க்க வேண்டும். அதைவிட, காணொளிக் கடலில் நல்லதும் பொய்யும் ஒரே முகத்தோடு வருகின்றன. ரசாயனக் கடைக்கு மாற்று என்று வந்த இயற்கை வேளாண்மைக்குள்ளும் இப்போது பாட்டில் நுழைந்துவிட்டது. மாட்டுச் சாணமும் வெல்லமும் தன் தொழுவத்தில் இருக்கும்போது, 'அற்புதக் கரைசல்' என்று லேபிள் ஒட்டியதை நானூறு ரூபாய்க்கு வாங்குபவர் ஏமாற்றப்படுவது ரசாயன டானிக் வாங்குபவரைப் போலத்தான். பரம்பரை அறிவு என்றாலும் சரி, பன்னாட்டுக் கம்பெனி என்றாலும் சரி, வயலில் சோதித்து, தோற்றால் தோற்றது என்று சொல்லும் நடுவர் ஒருவர் வேண்டும். அந்த நடுவரின் சம்பளம் எவர் விற்பனையிலும் தொங்கக் கூடாது.

விவசாயியும் நம் தராசுக்கு வெளியே இல்லை. சந்தைக்குப் போகும் கத்தரிக்கு நேற்று மாலை மருந்தடித்து இன்று காலை பறிப்பவரும், வீட்டுக்கென்று மருந்தில்லாத பாத்தி தனியே வைத்துக்கொள்பவரும் நம்மிடையே உண்டு. ஊசி போட்ட மாட்டின் பாலைக் கன்றுக்குக்கூடக் கொடுக்காமல் சொசைட்டிக்கு ஊற்றுபவரும் உண்டு. வறுமை இதற்குச் சமாதானம் ஆகாது. ஆனால் அறுவடைக்கு எத்தனை நாள் முன் நிறுத்த வேண்டும் என்பதையே ஒருவரும் சொல்லாத ஊரில், தெரிந்து செய்தவரையும் தெரியாமல் செய்தவரையும் எப்படிப் பிரிப்பது? சொல்லவேண்டியவர் சொன்ன பிறகுதான் கேளாதவரைத் தண்டிக்கும் உரிமை அரசுக்கு வரும்.

மாநில அரசு அலுவலர்களைக் குறித்த நாளில் ஊருக்கே அனுப்பும் 'உழவரைத் தேடி' திட்டத்தை 2025இல் தொடங்கியது. தேட வேண்டியிருக்கிறது என்று ஒப்புக்கொண்டதே ஒரு முன்னேற்றம். ஆனால் அதே அலுவலர், அதே படிவங்கள், அதே செயலியோடு மாதத்தில் இரு நாள் ஊருக்கு வந்து துண்டுப் பிரசுரம் கொடுத்துப் படம் எடுத்துப் போனால், பழைய பந்தல் கூட்டமே ஊர் ஊராக நடந்ததாகும். அவர் தோளிலிருந்து கணக்கெடுப்பு வேலையை இறக்க வேண்டும். மானியம் பார்ப்பவர் வேறு, பயிர் பார்ப்பவர் வேறு என்று பிரிக்க வேண்டும். காலியிடங்களை நிரப்ப வேண்டும். கால்நடைக்கு என்று ஊர்தோறும் ஒரு யோசனைக்காரரை, முடிந்தால் மாடு வளர்க்கும் பெண் ஒருவரையே பயிற்றுவித்து, சம்பளத்தோடு அமர்த்த வேண்டும். ஊக்கத்தொகை என்ற பெயரில் கைச்செலவுக்குக் கொடுத்து ஏமாற்றக் கூடாது. பல்கலைக்கழகம் ஒவ்வோர் ஆண்டும் வெற்றிகளை வெளியிடுவதைப் போல, வயலில் தோற்ற பரிந்துரைகளையும் காரணத்தோடு தமிழில் வெளியிட வேண்டும்.

2021 முதல் தமிழ்நாட்டில் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை வாசிக்கப்படுகிறது. இனிப்பான அறிவிப்புகள் அதில் நிறைய இருக்கும். அடுத்த அறிக்கையில் அமைச்சர் மூன்று எண்களை மட்டும் வாசிக்கட்டும்: ஒரு பயிர் அலுவலருக்கு எத்தனை கிராமம், கால்நடை யோசனைக்கு என்று எத்தனை பேர், சென்ற ஆண்டு அவர்கள் வயலிலும் தொழுவத்திலும் இருந்தது எத்தனை நாள். அவற்றை வாசிக்காத அறிக்கையைச் சட்டமன்ற உறுப்பினர்கள், எந்தக் கட்சியானாலும், கேள்வி கேட்காமல் நிறைவேற்றக் கூடாது.